மூன்று நிமிஷ வீணை

அரக்குத் தட்டில் அடங்கிய சங்கீதத்தைப் பற்றி இந்த வாரம் சிறிது பேசலாமென்று எண்ணுகிறேன். "வீணை தனம்மாளைப் பற்றி எழுதத் திண்டிவனத்து வாத்தியாருக்கு என்ன உரிமை?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். உரிமை யாதொன்றுமில்லை. காதுகள் இரண்டு உண்டு, அவ்வளவே.

தனம்மாள் 1867-ம் வருஷம் பிறந்து 1938-ல் மறைந்தவர். அவருடைய தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் குமாரர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். ஆகவே மும்மூர்த்திகளில் ஒருவருடைய வீட்டுச் சங்கீதம் நேராக இந்தக் குடும்பத்தில் வந்து இறங்கிற்று எனலாம். சென்னை ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வீட்டில் வாசிப்பு நடக்கும். பெரிய வித்வான்களெல்லாம் பாயில் உட்கார்ந்து, மூச்சுவிடும் சப்தம்கூடக் கேளாதபடி கேட்பார்களாம். அவர் மீட்டிய நாதம் அத்தனை மெல்லியது. வீணையோடு குரலும் இழையும். அதுவும் முணுமுணுப்பைப் போலத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட நாதத்தைத் தட்டில் பிடிப்பது எங்ஙனம்? கல்கத்தாவில் 1902-ம் வருஷம் கௌஹர் ஜான் பாட்டைப் பதிவு செய்த காலத்தில் மைக் என்பதே கிடையாது. தகரக் குழலின் வாய்க்குள் முகத்தை நீட்டிக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். அந்தக் குழலுக்கு நாடகக் கொட்டகைக் குரல் பொருந்தும், வீணை பொருந்தாது. 1925-ல் மின்சாரப் பதிவு முறை வந்த பிறகே மெல்லிய வாத்தியங்களுக்கு விமோசனம் பிறந்தது. கொலம்பியா கம்பெனியார் 1932-ல் தனம்மாளைப் பதிவு செய்தபோது அம்மையாருக்கு வயது 65. பத்து வருஷம் முன்னதாக அவர்கள் வந்திருந்தால் விரல்கள் இன்னும் உறுதியாயிருந்திருக்கலாம். ஆனால் தட்டில் ஒன்றும் விழுந்திராது. காலம் நமக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டிலும் இதையொத்த கதை உண்டு. ரஷ்ய தேசத்துப் பியானோ மரபுக்கு மூலபுருஷர் என்று அந்தோன் ரூபின்ஸ்டைனைச் சொல்வார்கள். ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கல்லூரியை 1862-ல் ஸ்தாபித்தவர் அவர். 1890-ல் ஜூலியஸ் பிளாக் என்பவர் எடிசனுடைய மெழுகு உருளை யந்திரத்தை அவர் முன் வைத்து, ஒரு துண்டாவது வாசிக்கும்படி மன்றாடினார். மனிதர் இணங்கவில்லை. இரண்டொரு வார்த்தை பேசியதோடு சரி! 1894-ல் அவர் காலமானார். இன்றைக்கு அவர் கை எப்படியிருந்தது என்று அறிய வேண்டுமானால், அவர் சிஷ்யர் ஹாப்மனுடைய தட்டுகளையும், சிறுவனாயிருந்தபோது அவர் கச்சேரிகளைக் கேட்டுப் பிரமித்த ராக்மனினாப் 1919 முதல் 1942 வரை கொடுத்த தட்டுகளையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். பேரனுடைய முகத்தைப் பார்த்துப் பாட்டனார் முகத்தைச் சித்திரிப்பது போன்ற காரியம் இது.

நமக்கோ பாட்டியாருடைய கையே கிடைத்திருக்கிறது. பேத்திமார்களுடைய பாட்டும் கிடைத்திருக்கிறது. பிருந்தா, முக்தா, நாட்டியத்தில் பாலசரஸ்வதி, புல்லாங்குழலில் விசுவநாதன், மிருதங்கத்தில் ரங்கநாதன் என்று ஒரே குடும்பத்தில் எத்தனை பேர்! பின்னவர் மூவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலை வரை சென்று இந்தப் பாணியைப் போதித்தார்கள். "எங்கள் பாணி" என்று மார்தட்டுவது யாருக்கும் எளிது. அந்தப் பேச்சுக்கு அத்தாட்சி வேண்டாமா? தனம்மாளுடைய தட்டு ஒன்றையும் பிருந்தா பாடிய பதம் ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கமகம் ஒரு ஸ்வரத்தின்மேல் வந்து சாயும் விதமும், அடுத்ததற்குப் போக அவசரப்படாத நிதானமும் இரண்டிலும் ஒன்றாயிருப்பது விளங்கும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், சில சமயம் சற்று அதிகம். அவ்வளவுதான் இடம். விழுப்புரத்துப் பள்ளிக்குத் தினமும் ரெயிலில் போய்வருகிறவன் நான். திண்டிவனத்தில் ஏறி மயிலம் வருவதற்குள் கைபேசியில் மூன்று பக்கங்கள் கேட்டாகிவிடுகிறது. என் வகுப்புப் பையன் ஒருவன், "இவ்வளவுதானா ஸார்?" என்று கேட்டான். கேள்வியில் நியாயமுண்டு. சாவகாசமாக விரிய வேண்டிய பதத்தைக் கத்தரித்துத் தட்டில் அடைத்தால் அது முழுப் பதமாகுமா? கச்சேரியின் அளவை இத்தட்டுகளைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. ஆயினும் ராகத்தைச் சுருக்கும்போதும் அம்மையார் ஓடவில்லை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இன்னொரு விஷயம். இந்தத் தட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்று என்று கணக்கு. யந்திரம் சற்று வேகம் கொண்டு எண்பத்திரண்டரை சுற்றினால் சுருதி முழுதாக ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும், காலப்பிரமாணமும் துரிதப்படும். இணையத்தில் உலவும் பிரதிகளில் இவ்வித வியாதி பிடித்தவை ஏராளம். "தனம்மாள் இவ்வளவு வேகமா?" என்று வியப்பதற்கு முன், ஓட்டினவர் யார் என்று விசாரிப்பது நலம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய வீடுகளின் பரண்களில் இத்தகைய தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. சென்ற வருஷம் எனக்குத் தெரிந்த வீடொன்றில், வெள்ளையடிக்கும் சமயத்தில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளைப் பழைய பாத்திரங்களோடு சேர்த்து நிறுத்துப் போட்டுவிட்டார்கள். எவருடைய தட்டுகள் என்று பார்த்தவர்கூட இல்லை. அரக்குத் தட்டைக் கிலோ கணக்கில் வாங்கி வியாபாரி என்ன செய்வானோ, எனக்குப் புரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பெட்டி இருந்தால் இறக்குங்கள். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், புத்தகங்களைப் போல் நிமிர்த்தி வையுங்கள். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டும் கூடவே போய்விடும். பழைய எஃகு ஊசியைப் போட்டு ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். நடுவில் ஒட்டிய காகிதம் கிழிந்து பெயர் தெரியாமற்போனாலும், அதன் அருகே தட்டிலேயே பொறித்த எண் ஒன்று இருக்கும். அதை ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். எந்த வருஷத்துப் பதிவு என்று தேடுகிறவர்களுக்கு அந்த எண்தான் ஜாதகம்.