இனாம் யார் வீட்டுப் பணம்?

“கார்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்குள் இவ்வளவு செலவு செய்யுங்கள், ஆயிரக்கணக்கில் இனாம் பெறுங்கள்!” இதுதான் இன்று பாங்கிகள் ஓதும் மந்திரம். இதை நம்பி நான்கைந்து பாங்கிகளில் கிரெடிட் கார்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் முதல் இனாமைப் பெற்றுக்கொள்வது, மறு வருஷம் சந்தா கேட்கும்போது கார்டைத் திருப்பிவிட்டு வேறு பாங்கிக்குப் போவது - இதையே ஒரு வருமானமாகக் கணக்கெழுதுகிறார்கள். பெரிய நகரங்களின் இந்த வித்தை இப்போது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வந்துவிட்டது.

இனாமின் லட்சணத்தையும் பாருங்கள். விமான நிலையத்துச் சொகுசு அறையில் இலவசமாக உட்காரலாமாம்! பெரம்பலூர் தனி ஜில்லாவானது 1995ஆம் ஆண்டில். அந்த ஊருக்கு இன்னமும் ரயில் கிடையாது. ரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ போகவேண்டும். ரயில் இல்லாத ஊர்க்காரனுக்கு விமானக் கூடத்தில் நாற்காலி போட்டுக் கொடுக்கிற பாங்கிகளின் கருணையை என்னவென்று புகழ்வது!

போகட்டும். நாம் கேட்பது ஒரே கேள்விதான். இந்த இனாம் பணம் எங்கிருந்து வருகிறது? பாங்கி முதலாளிகள் தங்கள் மடியை அவிழ்த்துக் கொடுக்கிறார்களா?

செட்டிக்குளம் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறை போட்டுக் காத்திருந்து, கிடைத்த விலைக்கு வெங்காயத்தை விற்று, மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பெரம்பலூர் கடைக்கு வருகிறார். ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்கும் மாதச் சம்பளக்காரர் அதே சேலைக்கு அதே விலையைக் கார்டில் கொடுக்கிறார். அவர் கார்டைத் தேய்த்தவுடன் கடைக்காரரின் பணத்தில் நூற்றுக்குச் சுமார் இரண்டு ரூபாய் கழிந்துவிடுகிறது. அந்தக் கட்டணத்தின் மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. வேறு. கழிந்த பணத்தில் பெரும்பங்கு கார்டு கொடுத்த பாங்கிக்குப் போகிறது. அதில் ஒரு துண்டைக் கிள்ளித்தான் ‘பாயிண்டு’ என்று கார்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கடைக்காரர் என்ன செய்வார்? இந்தக் கழிவையும் சேர்த்துத்தான் எல்லாச் சேலைக்கும் விலை போடுகிறார். ரொக்கம் கொடுத்த விவசாயியும் அந்த விலையைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆக, வெங்காயம் விற்ற காசில் ஒரு பங்கு, அவருக்குத் தெரியாமலே, பக்கத்தில் நின்றவரின் பாயிண்டாக மாறிவிடுகிறது!

இது கம்யூனிஸ்டுகள் கட்டிவிட்ட கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவின் சொந்த மத்திய பாங்கியின் பாஸ்டன் கிளைப் பொருளாதார நிபுணர்களே 2010ஆம் ஆண்டில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த நாட்டில் ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக வருஷத்துக்கு 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1,133 டாலர் வந்து சேருகிறது. ஏழையிடமிருந்து பணக்காரனுக்குப் போகிற மணியார்டர் இது. தபால் செலவும் ஏழையுடையதே.

இனாம் வருகிற இரண்டாவது வழி இதைவிடக் கொடியது.

அரியலூர் சுற்றுவட்டாரத்துச் சிமெண்டு ஆலை ஒன்றில் காண்டிராக்ட் வேலை செய்யும் தொழிலாளிக்கும் எப்படியோ ஒரு கார்டு கிடைத்துவிடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்று பாக்கி ரூ. 40,000 ஆகிறது என்று வையுங்கள். வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை, அதாவது ரூ. 1,400. அதன் மேல் ஜி.எஸ்.டி. ரூ. 252. அவர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மாதம் ரூ. 2,000 கட்டினால், அசலில் கழிவது வெறும் ரூ. 348! முழுத் தொகையையும் கட்டத் தவறினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது சின்ன எழுத்தில் அச்சடித்த நிபந்தனை. கார்டைத் தேய்த்துக்கொண்டு, கமிஷன் கழித்து, ரொக்கம் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டால் அடைப்பது, அதை மூன்றாவதால் அடைப்பது - இந்தச் சுழலில் விழுந்தவன் எழுந்திருப்பது கஷ்டம்.

வருஷத்துக்கு நூற்றுக்கு 42 வட்டி! ஊர் லேவாதேவிக்காரன் இப்படிக் கேட்டால் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2003இல் தமிழ்நாட்டில் நிறைவேறியது. பாங்கி கேட்டால்? நூற்றுக்கு 30க்கு மேல் வாங்குவது நியாயமற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008இல் தீர்ப்பளித்தது. சிட்டி பாங்கி, ஹாங்காங் பாங்கி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆகிய அந்நிய பாங்கிகள் அப்பீல் செய்தன. 2024 டிசம்பர் 20இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பதினாறு வருஷம் நடந்த வழக்கின் பலன் இது: உச்சவரம்பு போயிற்று!

தவணை தவறாமல் கட்டும் நண்பர் ஒருவர் கேட்கலாம்: “நான் ஒரு பைசா வட்டி கொடுப்பதில்லை. வருஷம் பத்தாயிரம் எனக்கு மிச்சம். இதில் என்ன பாவம்?” அவர் கணக்கில் பிழை இல்லை. குமாஸ்தாவையும் வாத்தியாரையும் திட்டுவது நமது வேலையும் அல்ல; விலைவாசி ஏறுகிற காலத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவருக்கு வருகிற பத்தாயிரம், தவணை தவறியவனின் வட்டியிலிருந்தும் ரொக்கம் கொடுத்தவனின் விலையிலிருந்தும் வருகிறது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா? எல்லோருமே அவரைப் போலக் கெட்டிக்காரர்களாக இருந்துவிட்டால் இத்தனை தாராளமாக இனாம் கொடுக்கப் பாங்கிக்குக் கட்டுப்படியாகுமா?

கார்டு விற்க வரும் இளைஞர்கள் மீது எரிந்து விழுவதும் தகாது. பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், இத்தனை கார்டு பிடித்தால் இத்தனை ரூபாய் என்ற கூலிக்கு அலைகிறவர்கள் அவர்கள்.

இந்தப் பித்தலாட்டம் புதிதல்ல. 1958இல் அமெரிக்காவின் பிரெஸ்னோ நகரத்தில் பாங்க் ஆப் அமெரிக்கா, யாரும் கேட்காமலே 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. பருத்தியும் திராட்சையும் விளைகிற விவசாயப் பிரதேசம் அது. நமது பெரம்பலூருக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். ஆரம்பத்தில் பலர் பாக்கியைக் கட்டவில்லை. பாங்கிக்குப் பலத்த நஷ்டம். முதலாளி அசரவில்லை. ஜனங்களைக் கடனுக்குப் பழக்கிவிட்டால் போட்டதற்குப் பலமடங்கு எடுத்துவிடலாம் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கார்டுதான் 1976இல் ‘விசா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகெங்கும் சுற்றுகிறது. இந்தியாவில் 2024இல் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது.

பொதுத்துறை என்ன செய்தது? ஸ்டேட் பாங்கி 1998இல் அமெரிக்க ஜி.ஈ. கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து கார்டுக் கம்பெனி தொடங்கியது. 2020 மார்ச்சில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஜனங்களின் பாங்கியும் அதே சந்தையில் அதே வட்டிக் கடையை விரித்தது!

மாற்று வழி இல்லாமலா இருக்கிறது? 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. மூலம் பாங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. டீக்கடைக்காரரும் பூக்காரம்மாவும் இதனால் பயன் அடைகிறார்கள். இலவசமான அந்தப் பொதுப் பாதையிலிருந்து ஜனங்களைச் சுங்கச் சாவடி உள்ள பாதைக்கு இழுக்கத்தான் இந்த இனாம் எல்லாம். டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு 2012 முதல் ரிசர்வ் பாங்கி உச்சவரம்பு வைத்தது. கிரெடிட் கார்டுக்கு ஏன் வைக்கவில்லை? ஐரோப்பிய முதலாளித்துவ நாடுகளே 2015இல் கார்டு பாங்கிக்குப் போகும் பங்கு நூற்றுக்கு 0.3க்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போட்டனவே!

அந்த உச்சவரம்பு இங்கும் வரவேண்டும். வட்டிக்கும் வரம்பு வேண்டும். கோர்ட்டு கைவிட்டதைப் பார்லிமெண்டு சட்டமாக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைப்படி கட்டுகிறவருக்குத் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. நல்லதுதான். நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளிக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஒப்பந்தக் கூலிக்கும் பயிர்க்கடன் ஏது? ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்விக்கும் அவர்களுக்குக் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் கொடுக்கும்படி சர்க்காரைக் கேட்கவேண்டும்.

அதுவரை ஒரு விஷயத்தை ஊருக்கு ஊர் சொல்லி வையுங்கள். 2022ஆம் ஆண்டு ரிசர்வ் பாங்கி உத்தரவுப்படி, கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பிப் பணமும் பிடித்தால், பிடித்ததைத் திருப்பிக் கொடுத்து, அதைப்போல் இருமடங்கு அபராதமும் பாங்கி கட்டவேண்டும். பாக்கியைத் தீர்த்தவர் கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 500 அவருக்குத் தரவேண்டும்.