வில்லனைத் திருத்தாதீர்கள்!

1984-ல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஓட்டப்பிடாரத்துச் சிறுவர்களான எங்களுக்கு ஒரு சக்கரவர்த்தியைத் தந்தது: ஸ்பைடர்! 1965-ல் லண்டன் ‘லயன்’ பத்திரிகையில் பிறந்தபோது, குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாவதே அவன் லட்சியம். அதை அவன் ஒளித்ததில்லை. அந்த நேர்மைக்காகவே அவனை நேசித்தோம். அப்புறம், சூப்பர்மேனைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுத வந்தார். ஸ்பைடர் குற்றவாளிகளைப் பிடிக்கக் கிளம்பிவிட்டான். பதிப்பாளர்களும் சும்மா இருந்தார்கள்.

கெட்டவன் நல்லவனாகக் கூடாதா என்பீர்கள். தாராளமாக ஆகட்டும்! ஆனால், செய்ததற்குக் கணக்குத் தீர்க்க வேண்டாமா? கட்சி மாறுவதா மனமாற்றம்? பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் எட்டப்பனை இப்படித் திருத்திப் பாருங்கள். அப்புறம் கட்டபொம்மன் எதற்கு?