‘சி வகை நாடு’ என்னும் சௌகரியம்

இந்தியாவின் எச்.ஐ.வி. குறித்த ஆய்வேடுகள் பலவும் ஒரே வரியோடு தொடங்குகின்றன: இங்கே பரவுவது ‘சி’ வகை. வரி பொய்யன்று; பெரும்பான்மை அதுவே. ஆனால் பெரும்பான்மையைச் சொல்ல எழுந்த வரி, தேடலை நிறுத்தும் வரியாகிவிட்டது.

இவ்வைரஸின் ஒவ்வொரு துகளும் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகளைச் சுமக்கிறது. படியெடுக்கும் நொதி ஓர் இழையிலிருந்து மற்றதற்குத் தாவியபடியே டி.என்.ஏ.வை உருவாக்குகிறது. ஒரே செல்லில் இருவேறு வகைகள் புகுந்திருந்தால் கலப்பு வைரஸ் பிறக்கும். இது நொதியின் இயல்பு. நோயாளியின் ஒழுக்கத்துக்கு அளிக்கப்படும் சான்றிதழ் அன்று. சென்னையில் 1986இல் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1999இல் வெளிவந்த புனே ஆய்வில், முழுமையாகப் படிக்கப்பட்ட ஆறு மரபுத்தொகுதிகளில் ஒன்று ‘ஏ’யும் ‘சி’யும் கலந்ததாக இருந்தது.

இருந்தும், கலப்பு அரிது என்பார்கள். எதைப் படித்து? மருந்தெதிர்ப்புச் சோதனை வழக்கமாகப் படிப்பது ‘போல்’ மரபணுவின் ஒரு துண்டை மட்டுமே. கலப்பு உறைப்புரத மரபணுவில் நேர்ந்திருந்தால் அத்துண்டு ‘சி’ என்றே சொல்லும். பரவிவரும் கலப்பு வடிவம் எனப் பெயர் பெற, தொற்றுத் தொடர்பற்ற மூவரிடமேனும் ஒரே அமைப்பு காணப்பட வேண்டும். படிக்காத இடத்தில் பெயரும் பிறக்காது.

துண்டுப் பார்வை போதாதென்று எல்லைக்கோடும் சேர்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருப்புறத்தில் வாழும் ஒருவர் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றால் ஒரு மாநிலத்தின் பட்டியல். நாகர்கோவிலில் பெற்றால் மற்றொன்றின் பட்டியல். அந்த மூவரில் இருவர் இப்புறமும் ஒருவர் அப்புறமும் இருந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பது யார்?

இன்றைய மருந்துகள் எல்லா வகைகளையும் அடக்குகின்றனவே என்பது மறுப்பு. உண்மைதான், பீதிக்கு இடமில்லை. ஆயினும் இரு வைரஸ்களில் தனித்தனியே தோன்றிய எதிர்ப்புத் திரிபுகளை ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடியதும் இதே தாவல்தான். அதன் விலையை ஆய்வாளர் கொடுப்பதில்லை. மருந்து பலிக்காத நோயாளி கொடுக்கிறார்.

எல்லா மாதிரிகளையும் முழுமையாகப் படிக்க வேண்டியதில்லை. இரு மாநிலங்களும் ஆண்டுதோறும் ஒரு பங்கையேனும் படித்து, நோயாளியின் அடையாளம் நீக்கி, சேர்த்து ஒப்பிடட்டும். அதுவரை ‘சி வகை நாடு’ என்று எழுதுவோர், எந்தத் துண்டைப் படித்து எழுதினர் என்பதையும் அதே வரியில் எழுதட்டும்.