அறிமுகம் மட்டும் போதுமா?

மும்பைக்கு ரயிலேறிய நம் முன்னோர் பலரிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஊர்க்காரர் ஒருவரின் முகவரியும்தான் இருந்தன. அந்த முகவரியே தாராவித் தோல் பட்டறையிலும் கோட்டைப் பகுதி அலுவலகங்களிலும் வேலை தேடித் தந்தது. ஆனால் ஊரும் சாதியும் ஒத்தவர்க்கே அக்கதவு திறந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

2003-இல் தொடங்கிய லிங்க்ட்இன், இன்று முகவரி இல்லாதவர்க்கும் ஒரு முகவரி தருகிறது. வேலை பற்றிய செய்தி நெருங்கியவரைவிட, எப்போதோ பழகியவர் வழியாகவே மிகுதியும் வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதினார். தாராவி இளைஞருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

நடப்பதென்ன? இளைஞர்கள் ஒரே வரியை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு ஓய்கிறார்கள். உயர்பதவியில் உள்ள நம்மவரோ, தெரிந்த குடும்பப் பெயரா என்று பார்த்தே அழைப்பை ஏற்கிறார்கள், ஏற்றபின் மறந்தும்விடுகிறார்கள்.

இளைஞர்களே! நூறு பேர் வேண்டாம், ஒருவருக்கு எழுதுங்கள். அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். நேரில் சந்திக்கப் பத்து நிமிடம் கேளுங்கள். பதவியில் இருப்போரே! ஊரும் பேரும் விசாரிக்காமல் மாதம் ஒருவரையேனும் சந்தியுங்கள். வீட்டுக்கு அழைக்கத் தயங்கினால் சங்கக் கூடம் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன.

பழைய சாதிக் கதவைக் கண்ணாடியில் செய்து மாட்டிக்கொள்வதற்கா நமக்கு இந்தப் புதிய வசதி வந்தது?