மருந்துப் பொட்டலத்தை வாசித்துச் சொல்வது யார்?

சில ஆண்டுகளுக்கு முன், இறக்குவானைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்து வாசலில், முதிய பெண்மணி ஒருவர் இரண்டு காகிதப் பொட்டலங்களை என்னிடம் நீட்டினார். "ஐயா, இதுல எது காலையில, எது ராவைக்கு? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். இரண்டிலும் வெள்ளை மாத்திரைகள். மேலே சிங்களத்திலும் ஆங்கிலச் சுருக்கெழுத்திலும் ஏதோ எழுதியிருந்தது. ஒன்று இரத்த அழுத்தத்துக்கு, மற்றது நீரிழிவுக்கு. நீரிழிவு மாத்திரையைச் சாப்பிடாமலே மூன்று வேளையும் விழுங்கி, முதல்நாள் அடுப்படியில் மயங்கி விழுந்திருக்கிறார்.

மருந்து கொடுத்தவர் மீது பழிபோட நான் வரவில்லை. சரியான மருந்தைச் சரியான எண்ணிக்கையில்தான் கொடுத்திருந்தார். அதை எப்படிச் சாப்பிட வேண்டுமென்று அந்த அம்மாவுக்கு விளங்கச் சொல்லத்தான் அவரிடம் தமிழ் இருக்கவில்லை.

"மகளை மருந்தாளராக்க என்ன படிப்பிக்க வேண்டும்?" என்று மலையகப் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. இலங்கையில் மருந்தாளராகப் பணியாற்ற இலங்கை மருத்துவச் சபையில் பதிவு வேண்டும். அதற்கான பாதைகளுள் ஒன்று, உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தேறி, யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு போன்ற பல்கலைக்கழகங்களில் நான்காண்டு மருந்தாளர் பட்டம் பெறுவது. மற்றொன்று, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது தெரிவாகி, பயிற்சி பெற்று அரச வைத்தியசாலையில் சேர்வது. பதிவுபெற்ற மருந்தாளரிடம் பயிலுநராக இருந்து பரீட்சை எழுதும் வழியும் உண்டு.

எல்லாப் பாதைகளும் உயர்தரத்தில்தான் தொடங்குகின்றன. சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தெரணியகலையிலோ பலாங்கொடையிலோ தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்க விரும்பும் மாணவி, ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் தேடி ஊர்விட்டு ஊர் போகவேண்டியிருக்கிறது. பேருந்துச் செலவுக்கே வழியில்லாத வீட்டில், பிள்ளை கலைப்பிரிவோடு நின்றுவிடுகிறது.

இது நேற்று முளைத்த குறையன்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கெனத் தனி ஏற்பாடு செய்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் நிறம்நிறமான தண்ணி மருந்தைப் போத்தலில் ஊற்றி, வேளைக்கு வேளை அளவு தெரியக் காகிதம் வெட்டி ஒட்டிக்கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு அரசாங்க உத்தியோகமென்ற கதவே அடைபட்டது. 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களோடு, படித்து மேலே வந்திருக்கக்கூடியவர்களும் போய்விட்டார்கள்.

இவ்விடத்தில் சிலர், தோட்ட டிஸ்பென்சரியில் பத்தாண்டு மருந்து கொடுத்த இளைஞனுக்கு அந்த அனுபவமே போதாதா என்று கேட்கிறார்கள். போதாது என்பதே என் கருத்து. மருந்தாளரின் வேலை மாத்திரை எண்ணுவது மட்டுமல்ல. வைத்தியர் எழுதிய அளவு பிசகியிருந்தால் கண்டுபிடித்து அவரிடமே திருப்பிக் கேட்கவேண்டும். ஒரு மருந்து மற்றொன்றோடு முரண்படுமா என்று பார்க்கவேண்டும். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் காக்கவேண்டும். மோர்பின் போன்றவற்றுக்குப் பூட்டும் கணக்கும் வைக்கவேண்டும். தோட்டத்து மக்களுக்கு அரைகுறைத் தகுதியுள்ளவர் போதுமென்பது சலுகையன்று, அவமதிப்பு. தகுதியைக் குறைக்காமல், அந்த இளைஞன் படித்துத் தேறுவதற்கு ஏணி வைப்பதே நியாயம்.

அதேவேளை, தகுதிப் பட்டியலில் மொழியையும் சேர்க்கவேண்டும். 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டுமென்று 2007இல் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. அத்தேர்ச்சி கோவைக்குள் கிடக்கும் சான்றிதழாகாமல், மருந்து யன்னலில் ஒலிக்கவேண்டும். இரத்தினபுரி, கேகாலை, கரவனெல்லை வைத்தியசாலைகளுக்குத் தோட்டத்து நோயாளர் நாள்தோறும் வருகிறார்கள். சிங்கள மருந்தாளர் பத்து வாக்கியம் தமிழ் கற்றாலும் பயனுண்டு. பொட்டலத்தில் சூரியனும் பிறையும் அச்சிட்டாலும் பயனுண்டு. அவை உடனே செய்யக்கூடியவை.

நிரந்தர மருந்து வேறு. ஒவ்வோராண்டும் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து நாலைந்து பிள்ளைகளையாவது உயர்தர விஞ்ஞானத்துக்கு அனுப்பி, விடுதிச் செலவைப் பொறுப்பேற்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தமிழ் அன்பர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

அன்று அந்த அம்மாவின் பொட்டலங்களில், ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் இரண்டு புள்ளியும் பேனாவால் குத்திக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய உதவி அது. அடுத்த மாதம் அவர் புதிய பொட்டலங்களோடு வந்திருப்பார். நான் அங்கே இருக்கவில்லை.