தூரம் அடிக்கும் லைட்டா, காலடி காட்டும் லைட்டா?

கேள்வி: "ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் தென்னையும் இருக்கிறது. மோட்டார் போட ராத்திரியில் கொல்லைக்குப் போக வேண்டியிருக்கிறது. மனைவி ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வரை இருட்டுப் பாதை. இரண்டு வருடத்தில் மூன்று சார்ஜ் லைட் வாங்கி மூன்றும் போய்விட்டன. 400 ரூபாய்க்குள் நின்று உழைக்கிற லைட் எது?"
- மாதனூர் ஒன்றிய வாசகர், திருப்பத்தூர் மாவட்டம்.

பதில்: மூன்று லைட்டும் ஏன் போயின என்பதில் இருந்தே தொடங்கலாம். சந்தையிலும் பஸ் நிலையத்துக் கடைகளிலும் கிடைக்கும் மலிவு சார்ஜ் லைட்டுகளில் பலவற்றின் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. டிராக்டரில் இருக்கும் பேட்டரிக்குத் தம்பி. இந்தப் பேட்டரி காலியாகக் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டின் மேல் உப்பு படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. அறுவடை முடிந்து இரண்டு மாதம் பரணில் கிடந்த லைட், அடுத்த நடவுக்கு எடுக்கும்போது செத்திருப்பது இதனால்தான். இன்னொரு பக்கம், விடிய விடிய சார்ஜில் போட்டு வைப்பதும் தவறு. மலிவு லைட்டுகளில் சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்கும் ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை. பேட்டரி சூடாகி உள்ளே காய்ந்துபோகும். பல்பு நன்றாகவே இருக்கும், பேட்டரிதான் போயிருக்கும். அந்த மூன்றில் எதையாவது இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், வேறு 4 வோல்ட் பேட்டரி வாங்கி மாற்றிப் பார்க்கலாம். எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது.

அதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பின்பக்கம் இரண்டு முள் நீட்டிக்கொண்டு, நேராகச் சுவர் பிளக்கில் சொருகும் லைட்டுகளில் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் கரண்ட்டை ஒரு கெப்பாசிட்டர் வழியாகக் குறைத்து விட்டிருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் எல்லாப் பாகத்திலும் மின்சாரம் இருக்கும். மூடி விரிசல் விட்ட லைட்டை ஈரக் கையோடு தொட்டால் ஷாக் அடிக்கும். சார்ஜில் இருக்கும்போதே சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. அதை விடச் சொல்ல வேண்டும். செல்போன் சார்ஜரில் மாட்டும் யூ.எஸ்.பி. வகை லைட்டில் இந்த ஆபத்து மிகக் குறைவு. நல்ல சார்ஜர் மின்சாரத்தைப் பிரித்து 5 வோல்ட்டாகத்தான் வெளியே விடும்.

அடுத்தது, லைட் எதற்கு? கடைக்காரர் தெருக்கோடி வேப்பமரத்தில் அடித்துக் காட்டுவார். 'ஒரு கிலோமீட்டர் போகும்' என்பார். வரப்பில் நடப்பவருக்கு மரம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்றடி முன்னால் கிடப்பது தெரிய வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது நடவும் களையும் நடக்கும் மாதங்களில். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்ததும் சும்மா அல்ல. கண்ணாடிவிரியன் எலியைத் தேடி வயலுக்கு வருவது இரவில்தான். மிதித்தால் கடிக்கும். கடி விழுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்.

அதனால் விரிந்து விழும் வெளிச்சம் வேண்டும். கடையில் ஓர் இருட்டு மூலைக்குப் போய், லைட்டை இடுப்பளவில் பிடித்து, மூன்றடி தள்ளித் தரையில் அடித்துப் பார்க்கலாம். வரப்பின் இரண்டு ஓரமும் தெரியும் அளவுக்கு வட்டம் விழுந்தால் அது வயலுக்கான லைட். நடுவில் தட்டு அளவுக்குக் கண் கூசும் புள்ளி, சுற்றிலும் கும்மிருட்டு என்றால் வேண்டாம். வெளிச்சத்தின் அளவு லூமென். கால்நடைப் பாதைக்கு 50 முதல் 100 லூமென் தாராளம். இரண்டு பெரிய கட்டை போட்ட பழைய குண்டு பல்பு டார்ச் 20 லூமென்கூடக் கொடுத்ததில்லை. அதை வைத்துத்தான் தாத்தாக்கள் ஏற்றம் இறைத்த கிணற்றுக்குப் போய் வந்தார்கள்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல விளக்கு. அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். மலிவு லைட்டில் நீலம் தூக்கலாக இருக்கும். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர் கலர் பார்க்க வேண்டும் என்றால் தோலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போவார். நீல வெளிச்சத்தில் பழுப்பும் கருஞ்சிவப்பும் ஒன்று போலத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். காய்ந்த தென்னை ஓலை மேல் கிடக்கும் விரியனும் அதே கணக்குதான். ஒரு பழுப்புத் துண்டையும் காய்ந்த இலையையும் அடித்துப் பார்த்து, லேசாக மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் லைட்டை எடுப்பது நல்லது.

தலையில் மாட்டும் லைட் பால் கறக்கவும் பைப் மாட்டவும் வசதி. நடப்பதற்குக் கை லைட்தான் சரி. கண்ணுக்குப் பக்கத்தில் இருந்து வெளிச்சம் போனால் நிழல் தெரியாது, மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். இடுப்புக்குக் கீழே பிடித்தால் சின்னக் கல்லுக்கும் நிழல் நீளும்.

பேட்டரி விஷயத்தில் லித்தியம் செல் போட்ட யூ.எஸ்.பி. லைட் முதல் தேர்வு. செல்லைத் திருகிக் கழற்றி மாற்ற முடிவதாக இருக்க வேண்டும். 18650 என்று செல் மேல் போட்டிருக்கும்: 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். நல்ல கம்பெனி செல்லில் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் வரைதான் எழுதியிருக்கும். 9,900 என்று அச்சடித்திருந்தால் கீழே வைத்துவிடலாம். கணக்கு எளிது. 3.7 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர் என்றால் 7.4 வாட் மணி. 1 வாட் வெளிச்சத்தில் வைத்தால் 6 மணி நேரம் எரியும்; 3 வாட்டில் 2 மணி நேரம்தான். ஆகவே குறைந்த வெளிச்சத்துக்கும் ஒரு சுவிட்ச் நிலை இருப்பது அவசியம். சொட்டு நீர் உள்ளே போகாதபடி மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மனைவியின் கைப்பைக்கு வேறு லைட். சுவர்க் கடிகாரத்தில் போடும் கட்டை ஒன்றோ இரண்டோ போடும் சின்ன டார்ச் போதும், விலையும் குறைவு. சார்ஜ் போட மறந்தாலும் கட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பயன்படுத்தாத மாதங்களில் கட்டையைக் கழற்றி வைக்காவிட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். போன் லைட்டை நம்பக் கூடாது. வேலை முடிந்து வரும்போது போனில் சார்ஜ் அடியில் இருக்கும். ஏதாவது ஆனால் 108-க்கு அழைக்க அந்தப் போன்தான் வேண்டும்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் தூரம் அடிக்கும் லைட் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைக்கலாம். கௌண்டின்யா காட்டில் இருந்து யானை வரும் இடம் அது. அந்த லைட் யானை எங்கே நிற்கிறது என்று தொலைவில் இருந்தே பார்த்துத் திரும்புவதற்கு. அதன் முகத்தில் அடிப்பதற்கு அல்ல.

லைட்டோடு ஒரு தடியும் காலுக்கு மூடிய செருப்போ பூட்ஸோ வேண்டும். பாம்புக்குத் தரை அதிர்வு தெரியும், தட்டி நடந்தால் பெரும்பாலும் விலகும். ஊர் ஊராக ஷூ தைத்து அனுப்பும் பகுதியில் வெறுங்காலோடு மடை திறக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படுக்கைப் பக்கத்திலும் லைட் இருக்கட்டும். கட்டுவிரியன் தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும், வலியே தெரியாமலும் போகலாம். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

செத்துப்போன அந்த மூன்று பேட்டரிகளை உடைத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே அமிலமும் ஈயமும் இருக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் ஏற்கெனவே பட்டது போதும். பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடலாம்.