விலகுதலும் வீரமே

வலியைப் பொறுத்து இறுதிவரை ஆடுபவனே வீரன் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன்.

பொழுதுபோக்காக டெனிஸ் ஆடுவோருக்கான சுற்றுப்போட்டி ஒன்றின் அரையிறுதியில், முதலாவது செற்றை வென்றபின் என் கணுக்கால் மடங்கியது. விதிப்படி கிடைத்த மூன்று நிமிட இடைவேளையில் காலை இறுகக் கட்டிக்கொண்டு மீண்டும் இறங்கினேன். பார்த்திருந்தோர் கைதட்டினர். ஆயினும் தோற்றேன். ஒன்றரை மாதம் ஊன்றுகோலுடன் வகுப்புக்குச் சென்றேன். கைதட்டியவர்களுள் ஒருவரும் அந்நாட்களில் என்னோடு மாடிப்படி ஏறவில்லை.

2022ஆம் ஆண்டு விம்பிள்டன் காலிறுதியில் ரபேல் நடால் வயிற்றுத் தசைக் காயத்துடன் ஐந்து செற்கள் ஆடி வென்றார். உலகம் வியந்தது. மறுநாளே அவர் அரையிறுதியில் ஆடாது விலகிக்கொண்டார். நான் வியப்பது இந்த இரண்டாவது செயலையே.

களைப்பினால் வரும் தசைநோவு பொறுக்கத்தக்கது. மூட்டு வீங்குவதும், ஊன்றிய கால் உடலைத் தாங்க மறுப்பதும் எச்சரிக்கைகள். அவற்றைக் கேளாதிருத்தல் வீரமன்று, அறியாமை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு அருகிலேயே மருத்துவர் உளர். நமக்கோ திங்கட்கிழமை வேலை காத்திருக்கிறது.

ஆனால், விலகுவோர்க்கும் ஓர் அறம் உண்டு. எதிராளியின் கைபற்றி, அவர் வெற்றியைக் குறைவற்ற வெற்றியென ஏற்கவேண்டும். காயத்தைத் தோல்விக்குச் சாட்டாகக் கூறலாகாது.

மாணவருக்கு வெல்லக் கற்பிக்கும் நாம், தக்க வேளையில் நிறுத்தவும் கற்பிப்போமாக.